மேனேஜர் தூங்கிய புல்லுக்கட்டு

என் அம்மாவிடம் ஒரு 'அப்பாடா' இருக்கிறது.

எல்லோரும்தான் அப்பாடா சொல்வார்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் சொல்வார்கள், பரீட்சை முடிந்தால் சொல்வார்கள். அதெல்லாம் சில்லறை அப்பாடா. அம்மாவுடையது வேறு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து, நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

நடுவில் ஒரு மூன்று வாரம் அது கேட்கவே இல்லை. காரணம், புல்.

சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் புல் என்றால் விளையாட்டு இல்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒன்றுமே விளையாத நிலத்தில் என் அப்பா புல் வளர்க்கிறார். அப்பா இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் நின்றால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு உயரமான புல். அதை வெட்டிக் காயவைத்து, பெரிய பெரிய கட்டுகளாகக் கட்டி, அம்மாவின் கொட்டகைக்குக் கொண்டுவருவார். அம்மா அதிலிருந்து அடுப்பு எரிக்கும் வாயு எடுப்பார்.

முதல்முறை இதைக் கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"புல்லுக்குத் தீ வெச்சா சாம்பல்தானேம்மா வரும்?"

"தீ எரியணும்னா காத்து வேணும்ல? நான்தான் உள்ள காத்தே விடமாட்டேனே!" என்றார் அம்மா.

கொட்டகையில் ஓர் இரும்பு உருளை இருக்கிறது. எங்கள் குளியலறை அளவு பெரியது. அதற்குள் புல்லை நறுக்கிப் போட்டு, மூடியை இறுக்கிப் பன்னிரண்டு போல்ட்டுகளை முடுக்கிவிடுவார்கள். நெருப்பு வெளியே உலையில், புல் உள்ளே. சூடு ஏறிக்கொண்டே போகும். காற்று இல்லாததால் புல்லால் எரியவும் முடியாது, அந்தச் சூட்டில் புல்லாகவே இருக்கவும் முடியாது. வேறு வழியில்லாமல் உடைந்து பிரிந்துவிடும். வாயு குழாய் வழியாகப் பக்கத்திலிருக்கும் பேக்கரிக்குப் போகும். கறுப்பு எண்ணெய் சொட்டுச் சொட்டாக ஒரு டின்னில் விழும். உள்ளே மிஞ்சும் கரியை அப்பா நிலத்துக்கே எடுத்துப்போய் மண்ணில் கலந்துவிடுவார்.

இதே வேலையைத்தான் அம்மா முன்பு தூரத்து ஊரில் ஒரு பெரிய ஆலையில் செய்துகொண்டிருந்தார். மாதத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். அந்த இரண்டு வருடமும் எனக்குத் தலை பின்னிவிட்டது அப்பா. ஒரு சடை காதுக்கு மேலே இருக்கும், இன்னொன்று கழுத்துக்குக் கீழே இருக்கும்.

"தலையை நேரா வெச்சு உக்காரு" என்று டீச்சர் சொல்வார்.

"தலை நேராத்தான் இருக்கு டீச்சர். சடைதான் கோணல்" என்பேன்.

வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நிற்கும்போது சிரிப்பு வராது.

அதனால்தான் அம்மா அந்த வேலையை விட்டுவிட்டு இங்கேயே சொந்தமாகக் கொட்டகை போட்டபோது, தெருவிலேயே அதிகம் குதித்தது நான்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பேக்கரி அத்தைக்கு எங்கள் வாயுவை வைத்து ரொட்டி சுட ஆசை. ஒரு மணி நேரம் அடுப்பு விடாமல் எரிந்து காட்டினால், தினமும் எங்களிடமே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். முதல் சோதனையில் நெருப்பு பதினொரு நிமிடம் எரிந்தது. ஒரு சனிக்கிழமை இரண்டாவது சோதனை. அதில் ஒன்பது நிமிடம்தான். மஞ்சளாக வந்த நெருப்பு, சளி பிடித்தவர் மாதிரி இருமியது. பிறகு 'புஸ்' என்று போய்விட்டது. எண்ணெய் டின்னைப் பார்த்தால், எண்ணெய்க்குப் பதிலாகப் பழுப்புத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

அத்தை முழங்கை வரை மாவோடு, கையில் ஒரு தட்டோடு வந்தார். தட்டில் எட்டு ரொட்டிகள். எல்லாமே நடுவில் அமுங்கியிருந்தன.

"இதைப் பாருங்க. நாய்க்குட்டி உக்காந்து எழுந்த மாதிரி இருக்கு!"

நான் சிரித்துவிட்டேன். அம்மா திரும்பிப் பார்த்தார். சிரிப்பை விழுங்கினேன்.

"மன்னிச்சுக்குங்கக்கா" என்றார் அம்மா.

"மன்னிப்பெல்லாம் எதுக்கும்மா? வர்ற சனிக்கிழமை இன்னொரு தடவை பார்ப்போம். அப்பவும் ஒழுங்கா எரியலைன்னா நான் பழையபடி விறகுக்கே போயிடறேன். தப்பா நினைக்காதீங்க. காலைல அஞ்சு மணிக்கு எனக்கு அடுப்பு எரிஞ்சாகணும்."

அத்தை நல்லவர். போகும்போது இரண்டு அமுங்கிய ரொட்டிகளை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ருசிக்கு ஒரு குறையும் இல்லை.

அன்று மாலை ஆலையிலிருந்து அம்மாவுக்குப் போன் வந்தது. "உங்க இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. வர்றீங்களா இல்லையான்னு அடுத்த வாரம் முடியறதுக்குள்ள சொல்லிடுங்க."

அம்மா 'சரி' என்று சொல்லவில்லை, 'இல்லை' என்றும் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார். போனை வைத்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டுச் சடையைப் பிரித்து மறுபடி பின்னினார். காலையில் பின்னியது கலையவே இல்லை. ஆனாலும் பின்னினார்.

அடுத்த ஆறு நாளும் கொட்டகையில் ஒரே ஆராய்ச்சி. உருளையைச் செய்தவர் வெல்டர் மாமா. என்னை 'நண்டு' என்று கூப்பிடுகிற ஒரே ஆள். எங்காவது வாயு ஒழுகுகிறதா என்று குழாய் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒழுகினால் அந்த இடத்தில் குமிழி வருமாம்.

"ஒரு குமிழிகூட வரலையே!" என்று சோகமாகச் சொன்னார்.

"நல்ல விஷயம்தானே மாமா?"

"போ நண்டு. தப்பு என்னோடதுன்னு தெரிஞ்சா சரி பண்ணிடுவேன். எங்க தப்புன்னே தெரியாட்டி என்ன பண்றது?"

அம்மா புல்லைச் சோதித்தார். ஈரம் பார்க்க ஒரு கருவி இருக்கிறது. அதன் முனையில் இரண்டு ஊசிகள் இருக்கும். கட்டுக்குள் குத்தினால் எண் வரும். பதினைந்துக்குக் கீழே வந்தால் காய்ந்த புல் என்று அர்த்தம். அம்மா எல்லாக் கட்டுகளையும் குத்திப் பார்த்தார். எல்லாமே பன்னிரண்டு, பதிமூன்று. ஒவ்வொரு கட்டிலும் சீட்டு எழுதித் தொங்கவிட்டார். புல்லின் மேல் ஒரு பிழையும் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலையும் வந்தது. வெல்டர் மாமாவுக்குச் சந்தேகப்பட வேறு எதுவும் மிஞ்சவில்லை. அதனால் மேனேஜர்மேல் சந்தேகப்பட்டார்.

மேனேஜர் என்பது ஒரு பூனை. பத்து மணிக்குமேல் கொட்டகைக்கு வரும். ஒரு சுற்றுச் சுற்றி எல்லோரையும் முறைக்கும். பிறகு புல்லுக்கட்டின் மேல் ஏறிப் படுத்துவிடும். அதனால்தான் அந்தப் பெயர்.

"கட்டு பூரா பூனை முடி! அதெல்லாம் குழாய்ல போய் அடைச்சுக்கும்" என்றார் மாமா. "நண்டு, இன்னைக்கு அதைத் தூக்கிக் கால்வாய் தாண்டி விட்டுட்டு வா."

"பாவம் மாமா! அது யாரை என்ன பண்ணிச்சு?"

"உனக்குப் பூனை முக்கியமா, நாளைக்கு நெருப்பு எரியறது முக்கியமா?"

எனக்கு இரண்டும் முக்கியம். மாமாவிடம் பேரம் பேசினேன். "ஊரை விட்டு விரட்ட வேணாம் மாமா. வாசல் பக்கம் ஒரு கட்டைத் தனியா வெச்சுடுங்க. அதுல படுக்கப் பழக்கிடறேன். மத்த கட்டுல முடி விழாது."

மாமா முணுமுணுத்துக்கொண்டே வாசல் பக்கம் ஒரு கட்டை இழுத்துப் போட்டார்.

மேனேஜர் பின்வரிசையில் மூன்றாவது கட்டின் மேல் தூங்கிக்கொண்டிருந்தது. தூக்கி வந்து வாசல் கட்டின் மேல் விட்டேன். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, நேராக அந்த மூன்றாவது கட்டுக்கே போய்ப் படுத்தது. மறுபடி தூக்கி வந்தேன். மறுபடி போனது. வாசல் கட்டின் மேல் என் பழைய துணியை விரித்தேன். மெத்தை மாதிரி தட்டிக்கூடக் கொடுத்தேன். ம்ஹூம்.

"அப்படி என்னதான் இருக்கு அங்க?" என்று எரிச்சலோடு போய், அது படுத்திருந்த இடத்தில் கை வைத்தேன்.

சூடாக இருந்தது.

பக்கத்துக் கட்டின் மேல் கை வைத்தேன். அதுவும் கொஞ்சம் வெதுவெதுப்பு. ஓடி வந்து வாசல் கட்டின் மேல் வைத்தேன். சில்லென்று இருந்தது.

"மாமா! அந்தக் கட்டு சுடுது!"

மாமா டீ டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை. "பூனை படுத்தா சுடத்தான் செய்யும். நீ உக்காந்து எழுந்த நாற்காலி சுடாதா?"

அதுவும் சரிதான். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

ஆனால் யோசித்தேன். நாற்காலிச் சூடு எவ்வளவு நேரம் நிற்கும்? மேனேஜரைத் தூக்கிக்கொண்டு வாசல் கட்டுக்கு வந்தேன். அதன் மேல் துணியைப் போர்த்தி, மெதுவாகக் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தேன். கணக்கு வீட்டுப்பாடம் செய்யவேண்டிய நேரம் அது. நாட்டுக்காகச் செய்கிற தியாகம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தில் அரை மணி நேரம் ஓடியது.

பிறகு பூனையைத் தூக்கினேன். அது படுத்திருந்த இடம் சூடாகத்தான் இருந்தது. ஐந்து நிமிடம் காத்திருந்தேன். சூடு போய்விட்டது.

பின்வரிசைக்குப் போனேன். மேனேஜர் அங்கிருந்து எழுந்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அந்த மூன்றாவது கட்டு அப்படியே சூடாக இருந்தது. புல்லை விலக்கிக் கையை உள்ளே விட்டேன். இன்னும் சூடு. முழங்கை வரை விட்டேன். "ஆ!" என்று கையை இழுத்துக்கொண்டேன்.

"மாமா, பூனை சூடு இல்ல! உள்ள இருந்து வருது!"

"உலைக்குப் பக்கத்து வரிசை இல்லையா அது? அதான் சுடுது."

"உலை ஆறு நாளா சும்மாதானே மாமா கிடக்கு?"

மாமா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அக்கா! கொஞ்சம் இங்க வாங்க!"

அம்மா கருவியோடு வந்து மூன்றாவது கட்டைக் குத்தினார். பன்னிரண்டு. சீட்டிலும் பன்னிரண்டு.

"காஞ்ச புல்தானேடி இது?" என்றார் களைப்பாக.

"அம்மா, அந்த ஊசி என் சுண்டுவிரல் நீளம்தானே இருக்கு? என் கை எவ்வளவு தூரம் போச்சு தெரியுமா?"

சட்டைக் கையைக் காட்டினேன். முழங்கை வரை புல் ஒட்டியிருந்தது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்தார். சட்டை ஈரமாக இருந்தது.

அம்மா சட்டென்று நிமிர்ந்தார். என்னை வாசலுக்கு வெளியே போய் நிற்கச் சொன்னார். வெல்டர் மாமாவும் அம்மாவும் சேர்ந்து அந்தக் கட்டை வெளியே இழுத்துவந்து கயிற்றை அறுத்தார்கள். கட்டு இரண்டாகப் பிளந்ததும் அதன் நடுவிலிருந்து ஆவி எழும்பியது. புளித்த வாடை குப்பென்று அடித்தது. வெளியே பொன் நிறத்தில் இருந்த புல், உள்ளே பழுப்பாகப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. அம்மா நட்ட நடுவில் ஊசியைக் குத்தினார்.

முப்பத்தொன்பது.

"அக்கா" என்றார் மாமா. அவர் குரலே மாறியிருந்தது. "ஈரப்புல்லை இறுக்கிக் கட்டி வெச்சா உள்ளுக்குள்ளயே புழுங்கிச் சூடேறும். அப்படியே விட்டா ஒருநாள் தானா பத்திக்கும். கொட்டகையே போயிருக்குமே!"

அதற்குள் அப்பாவும் வந்துவிட்டார். பின்வரிசைக் கட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் வாசலில் நின்று எண்ணினேன். மொத்தம் பதினெட்டு. எல்லாவற்றுக்குள்ளும் ஈரம். அறுத்துப் பிரித்து வெட்டவெளியில் பரப்பினார்கள்.

"முதல்ல கட்டின கட்டுங்க இதெல்லாம்" என்றார் அப்பா யோசனையோடு. "விடியக்காலைல பனியோட கட்டினது."

"விடியக்காலைலயா? யார் கட்டச் சொன்னாங்க?" என்று அம்மா கேட்டார்.

"நீதான். 'வெயில் ஏறிட்டா வேலை செய்ய முடியாது, விடியறதுக்குள்ள கட்டிடுங்க'ன்னு சொன்னே."

"நான் சொன்னா? நீங்க வேணாம்னு சொல்றதுதானே?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

அம்மா யோசித்தார். "விட்டிருக்க மாட்டேன்" என்று ஒத்துக்கொண்டார்.

முதலில் வந்த கட்டுகளைக் கொட்டகையின் உள்பக்கம், உலைக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டார்கள். எடுக்கச் சுலபமாக இருந்ததால் இரண்டு சோதனைக்கும் அங்கிருந்தே எடுத்தார்கள். உலையின் சூடெல்லாம் அந்த ஈரத்தைக் காயவைக்கவே செலவாகிவிட்டது. வாயுவுக்குப் பதிலாக நீராவிதான் பேக்கரிக்குப் போயிருக்கிறது. நெருப்பு இருமாமல் என்ன செய்யும்?

"மூணு வாரமா இந்த உருளையைப் போட்டுத் திட்டிட்டு இருந்தேனே!" என்றார் அம்மா.

"அது ஒண்ணும் கோவிச்சுக்காதும்மா" என்றேன்.

வெல்டர் மாமா மேனேஜர் முன்னால் குனிந்து, "மன்னிச்சுக்குங்க சார்" என்றார். மேனேஜர் கொட்டாவி விட்டது.

சனிக்கிழமை காலை. மத்தியானத்தில் கட்டிய முன்வரிசைக் கட்டுகளை மட்டும் எடுத்தார்கள். ஒவ்வொன்றையும் பிளந்து நடுவில் குத்திப் பார்த்தார் அம்மா. பன்னிரண்டு. பதிமூன்று. பன்னிரண்டு. வாசல் கட்டு பதினொன்று.

உருளையை நிரப்பி, பன்னிரண்டு போல்ட்டையும் முடுக்கினார்கள். சூடு ஏறியது. டின்னில் சொட்டுச் சொட்டாகக் கறுப்பு எண்ணெய் விழ ஆரம்பித்தது. அப்பாவும் சேர்ந்து நாங்கள் நான்கு பேரும் பேக்கரிக்கு ஓடினோம். அத்தை அடுப்பைப் பற்றவைத்து, மேசைமேல் கடிகாரத்தை வைத்தார். அடுப்புக்குக் கிட்டே யாரும் போகாமல் இருக்கத் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நான் நின்றேன்.

மஞ்சளாக வந்த நெருப்பு, கொஞ்சம் தள்ளாடி, பிறகு நீலமாகி நிமிர்ந்து நின்றது.

ஒன்பதாவது நிமிடம். பதினொன்றாவது நிமிடம் தாண்டியது. வெல்டர் மாமா என் தோளைப் பிடித்தார். முப்பது ஆனது. அத்தை ரொட்டிகளை உள்ளே தள்ளினார்.

நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் நெருப்பு திடீரென்று சாய்ந்து படபடத்தது. அம்மா என் கையை இறுக்கினார். பார்த்தால், அத்தை புழுக்கம் தாங்காமல் பின்கதவைத் திறந்திருக்கிறார். காற்று!

"கதவை மூடுங்க!" என்று நான்கு பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

"மூடிட்டேன், மூடிட்டேன்! எதுக்கு இப்படிக் கத்துறீங்க? எனக்குத்தான் நெஞ்சு அடைச்சுடும் போல இருக்கு" என்றார் அத்தை.

நெருப்பு நிமிர்ந்தது. ஐம்பது. ஐம்பத்தைந்து. அறுபது. அறுபத்தைந்தும் ஆயிற்று. அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

அத்தை ரொட்டிகளை வெளியே எடுத்தார். எல்லாம் குண்டுக் குண்டாக எழும்பியிருந்தன. ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். 'டொக் டொக்' என்று சத்தம் வந்தது. நன்றாக வெந்த ரொட்டி அப்படித்தான் சத்தம் போடுமாம்.

"திங்கக்கிழமையிலிருந்து எனக்குத் தினமும் வேணும்" என்றார் அத்தை. "விறகுக்காரருக்கு நான் சொல்லிக்கறேன்."

அம்மா தலையை மட்டும் ஆட்டினார். அந்த இடத்திலேயே போனை எடுத்து ஆலைக்குப் பேசினார். "நான் வரலை சார். ஆமாம், யோசிச்சுட்டுத்தான் சொல்றேன்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா செருப்பைக் கழற்றினார். அப்பா தண்ணீர்ச் செம்போடு தயாராக நின்றார். ஒரே மூச்சில் குடித்தார் அம்மா. நாற்காலியில் சாய்ந்தார். கண்ணை மூடினார். நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம்.

"அப்பாடா!"

பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு ஏனோ கொஞ்சம் அழுகையும் வந்தது.

அம்மாவின் கருவிக்கு வெல்டர் மாமா என் முழங்கை அளவு நீளத்துக்குப் புது ஊசி செய்து கொடுத்துவிட்டார். அப்பா இப்போதெல்லாம் பனி காய்ந்த பிறகுதான் கட்டுகிறார். மேனேஜர் மட்டும் எங்கள் எல்லோர்மேலும் கோபமாக இருக்கிறது. கொட்டகையில் சூடான கட்டு ஒன்றுகூட இல்லை. அதனால் என் பழைய துணியை வேண்டாவெறுப்பாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

அந்தத் திங்கட்கிழமையும் டீச்சர் என்னைத் தலையை நேராக வைக்கச் சொல்லவில்லை. என் இரண்டு சடையும் ஒரே உயரத்தில் இருந்தன.